மணி காட்டாத கடிகாரம்

இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள் எய்லி,
அபெர்டீன் மருத்துவமனையிலிருந்து கப்பலேறி வந்தவள்.
கறுப்புப் பட்டை, முகமில்லாத வட்டம்.
மணி காட்டாது.
ஏழு பகல், ஏழு இரவு, கழற்றாதே என்றாள்.
கூடவே ஒரு குட்டி நோட்டு:
எப்போது படுத்தாய், எப்போது தூங்கினாய்,
களைப்பு பத்துக்கு எத்தனை.

பத்துக்கு எத்தனை என்றால்
காலையில் பல் தேய்த்துவிட்டு
மறுபடி படுக்கும் அளவு.
அதற்கு என்ன எண்?

ஆர்க்னியில் ஜூன் மாதத்துக்கு இமை கிடையாது.
இரவு பதினொன்றுக்கும் துறைமுகத்தில்
கயிற்றின் முடிச்சு தெரியும்.
அம்மா ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறாள்.
ஆணி பிடிக்காத மூலையில் ஒரு கோடு நுழைந்து
சுவரில் நகர்ந்தது.
செவ்வாய் இரவு முழுக்க அதைப் பார்த்துக் கிடந்தேன்.
அசையவில்லை.
அசைந்தால் வலது கெண்டைக்கால் விழித்துக்கொள்ளும்,
யாரோ உள்ளிருந்து கயிறு திரிப்பார்கள்.

போன மார்ச்சில் ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளுத்தது.
எங்கள் துடுப்புப் படகின் பக்கவரி
இந்தக் கண்ணில் தக்காளி,
அந்தக் கண்ணில் மழையில் கிடந்த செங்கல்.
நரம்பின் மேலுறை ஆங்காங்கே உரிகிறது,
மின்கம்பி போல நினைத்துக்கொள் என்றார் டாக்டர்.
அப்பா ஃபெர்ரியில் எலக்ட்ரீஷியன்.
ஒன்றும் கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்ததும் எல்லா ஸ்விட்ச் பெட்டியையும்
ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்,
விடியும்வரை.

பதினேழு வயதில் உனக்கா, என்கிறார்கள் வகுப்பில்.
நல்லாத்தானே இருக்கே, என்கிறார்கள்.
முன்பெல்லாம் ஓய்வெடு என்று அனுப்பிவிடுவார்களாம்.
இப்போது அசை, வியர்க்க அசை என்கிறார்கள்.
ஓய்வு சொன்னபடி கேட்பதில்லை,
கால் சொன்னபடி கேட்பதில்லை.
நடுவில் நான், தபால்காரி மாதிரி,
இரண்டு வீட்டுக்கும் கடிதம் சுமக்கிறேன்.

வியாழன் மாலை
பட்டையைக் கழற்றி நாயின் கழுத்தில் கட்டினேன்.
டிர்க் ஆடுகளை மேட்டுக்கு விரட்டினான்,
வேலி தாண்டினான், திரும்பி வந்தான், மறுபடி போனான்.
ஒரு மணி நேரம் நான் அப்படி ஓடினேன்.
அப்புறம் வெட்கமாக இருந்தது.
நோட்டில் எழுதினேன்:
நாலிலிருந்து ஐந்துவரை, நாய்.

சனிக்கிழமை மெரன் வந்து கூப்பிட்டாள்.
சுக்கான் வேண்டாம், துடுப்புதான் என்றேன்.
எட்டு நிமிடம்.
உடம்பு சூடேறியதும் கரை மங்கியது,
தேவாலயக் கூரை, மீன்கொட்டகை, எல்லாம் பால்.
மெரன் குனிந்து கடலை ஒரு கை அள்ளி
என் முகத்தில் அறைந்தாள்.
கரை திரும்பி வந்தது.
இன்னும் நாலு நிமிடம் வலித்தேன்.
படிக்கட்டில் என்னைத் தூக்கிவிட
மூன்று பேர் வேண்டியிருந்தது.
மூன்று பேரும் சிரித்தார்கள்,
நான் அதிகமாகச் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் திரையில் எய்லி.
கறுப்புக் கோடுகள் நெட்டுக்குத்தாக, புல் முளைத்த மாதிரி.
வியாழன் மாலையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்,
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
செவ்வாய் அருமை, ஒன்பது மணி நேரத் தூக்கம் என்றாள்.
அது சுவரைப் பார்த்த இரவு என்றேன்.
ஓ, என்றாள்.
செத்தமாதிரி கிடந்தால்
கடிகாரம் அதைத் தூக்கக் கணக்கில்தான் போடும் போல.

சனி இரவு மோசம், என்றாள் அடுத்து,
கோடுகளின் மேல் விரல் ஓட்டி.
புரண்டிருக்கிறாய், கை துள்ளியிருக்கிறது,
ஒரு மணி நேரம்கூடத் தேறாது.
எனக்கு எதுவும் நினைவில்லை.
நீ எழுதியதைப் பார்க்கலாமா என்று
நோட்டைத் திருப்பினாள்.

சனிக்கிழமைப் பக்கத்தில்
தேதி மட்டும் இருந்தது.
பேனா மூடிகூடத் திறந்தபடி, விளக்கும் எரிந்தபடி
இருந்ததாக அம்மா சொன்னாள்.

தூங்கிப்போயிருக்கிறேன்.